முனை உருக்கிய கயிறு: டெலோமியர் குட்டையானால் ஆயுசும் குட்டையா?

போன மாதம் தங்கச்சிமடத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு அறுபத்திரண்டு வயது, நாற்பது வருஷம் கடலில் கிடந்தவர், பத்து வருஷமாகச் சுகர். மண்டபத்தில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கொடுத்தார்களாம், ஒரு வழவழ நோட்டீஸை எடுத்து நீட்டினார். மேலே "உங்கள் உண்மையான வயது தெரியுமா? டெலோமியர் நீளத்தை அளந்து பாருங்கள்" என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு மாத்திரை டப்பா, மாதத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம்.

"மாப்ள, நீ இதெல்லாம் படிச்சவன்தானே. இந்த டெலோமியருங்கறது குட்டையாயிட்டா ஆயுசும் குட்டையா?"

"அப்படியெல்லாம் இல்ல மாமா" என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம். அப்புறம் எப்படி இல்லை என்று விளக்க அரை மணி நேரம் திணறினேன். அந்தத் திணறலைச் சரிசெய்து எழுதியதுதான் இது.

நான் திணறிக்கொண்டிருந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை, நங்கூரக் கயிற்றைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நைலான் கயிற்றை வெட்டியதும் மூன்று பிரியும் பூ மாதிரி விரிந்துகொண்டன. லைட்டரைப் பற்றவைத்து முனையை நெருப்பில் காட்டினார். நைலான் சுருங்கிக் கருத்து, சொட்டாகத் திரண்டது, மூக்கை அடைக்கிற வாடை. எச்சில் தொட்ட கட்டைவிரலால் அதை ஒரு உருட்டு உருட்டி அழுத்தினார். ஒரு நிமிஷத்தில் முனை கறுப்புக் கண்ணாடிக் குமிழ் போல இறுகிவிட்டது. இனி பிரி பிரியாது.

"மாமா, நீங்க இப்பச் செஞ்சீங்களே, அதுதான் டெலோமியர்."

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 46 குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் இரட்டைப் பிரி டிஎன்ஏ கயிறு, ஆளுக்கு இரண்டு முனை என்றால் மொத்தம் 92 முனைகள். அந்த முனைகளில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறு எழுத்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் கிழவி மாதிரி ஆயிரக்கணக்கான தடவை வரும். கண்ணுக்கும் தோலுக்கும் ரத்தத்துக்கும் இருக்கிற மாதிரியான புரதக் குறிப்பு எதுவும் அதில் கிடையாது. அதன் வேலையே முனையாக இருப்பதுதான். அதுவும் வெறும் குமிழ் இல்லை. 1999-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, முனை வளைந்து திரும்பி வந்து அதே கயிற்றுக்குள் செருகிக்கொண்டிருப்பது தெரிந்தது. நங்கூரத்துக்குக் கண்ணி வைக்க, கயிற்று முனையை மடக்கி அதன் பிரிகளுக்குள்ளேயே செருகிப் பின்னுவார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. அதன்மேல் காவலுக்கு ஒரு கூட்டம் புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

இவ்வளவு காவல் எதற்கு? செல்லுக்குள் அறுந்த டிஎன்ஏவைத் தேடி ஒட்டுகிற பழுதுபார்ப்பு ஆட்கள் எப்போதும் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு அறுந்த முனையும் இயல்பான முனையும் ஒன்று போலத்தான் தெரியும். மூடி இல்லையென்றால் ஒரு குரோமோசோமின் முனையை இன்னொன்றோடு ஒட்டிவிடுவார்கள், அடுத்த முறை செல் பிரியும்போது இழுபட்டு இரண்டும் கண்ட இடத்தில் அறும். உடைந்த முனைகள் இப்படி ஒட்டிக்கொள்வதை பார்பரா மெக்லின்டாக் மக்காச்சோளத்தில் கண்டார். பழ ஈக்களை எக்ஸ்ரேயில் காட்டி ஆராய்ந்த ஹெர்மன் முல்லர், முனைக்கு ஏதோ தனித்தன்மை இருக்கிறது என்று 1938-இல் டெலோமியர் என்ற பெயரை வைத்தார். கிரேக்க மொழியில் 'கடைசித் துண்டு' என்று அர்த்தம்.

சரி, குட்டையாவது ஏன்? இதை முதலில் யோசித்துச் சொன்னவர்களில் ஒருவர் ரஷ்யாவின் அலெக்சேய் ஒலோவ்னிகோவ், 1971-இல். மாஸ்கோ மெட்ரோ ரயில் நிலையத்தில் நின்றபோது இந்த யோசனை வந்ததாம். நமக்கு மாஸ்கோ எதற்கு, ராமேஸ்வரமே போதும். தனுஷ்கோடிப் பாதை 1964 புயலோடு போய்விட்ட பிறகு நமக்குத் தண்டவாளம் முடிகிற இடம் ராமேஸ்வரம்தான். ரயில் தண்டவாளத்தைப் படித்துப் படித்து நகல் எடுத்துக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வந்து நிற்கும்போது தன் வயிற்றுக்கு அடியில் கிடக்கிற துண்டை நகல் எடுக்க அதற்கு இடமில்லை. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிக்கும் அதே கதைதான். தொடங்குவதற்கு அதற்கு ஒரு சின்ன ஆர்என்ஏ துண்டு வேண்டும், வேலை முடிந்ததும் அந்தத் துண்டு பிய்த்து எறியப்படும், நடுவில் என்றால் பின்னால் வருகிறவர் அந்த இடைவெளியை நிரப்பிவிடுவார், முனையில் நிரப்ப ஆள் இல்லை. அதனால் ஒவ்வொரு பிரிவுக்கும் 50 முதல் 200 எழுத்துகள் வரை போகும். இழப்பு டெலோமியரில் என்பதால் உருப்படியான குறிப்புகள் பிழைத்துக்கொள்கின்றன.

ஒலோவ்னிகோவ் விடை தேடியது ஒரு பழைய புதிருக்கு. அலெக்சிஸ் காரல் என்ற நோபல் பரிசு பெற்ற மருத்துவர் 1912-இல் கோழிக்குஞ்சு இதயத்துச் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார், அவை 34 வருஷம் ஓயாமல் வளர்ந்ததாகச் சொன்னார்கள், செல்லுக்குச் சாவே இல்லை என்று உலகமே நம்பியது. 1961-இல் பிலடெல்பியாவில் லியோனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்று இருவர் மனிதச் செல்களை வளர்த்துப் பார்த்துவிட்டு, இல்லை, சுமார் ஐம்பது தடவை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்றார்கள். முப்பதாவது பிரிவில் எடுத்து உறைய வைத்து, காலம் கழித்து எடுத்தாலும், விட்ட இடத்திலிருந்து மீதி இருபதைத்தான் பிரிந்தன. ஐஸ் பெட்டியில் வைத்த மீன் பிடித்த நேரத்தை மறந்துவிடும், இந்தச் செல்கள் கணக்கை மறக்கவில்லை. கணக்கு எங்கே எழுதியிருக்கிறது என்பதுதான் புதிர்.

விடை வந்தது குளத்துத் தண்ணீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் பிராணியிலிருந்து. குட்டிக் குட்டிக் குரோமோசோம்களை ஆயிரக்கணக்கில் வைத்திருப்பதால் முனைகளுக்குப் பஞ்சமே இல்லாத பிராணி அது. எலிசபெத் பிளாக்பர்ன், ஜோசப் கால் இருவரும் 1978-இல் அதன் முனை எழுத்துகளைப் படித்தார்கள். 1984 கிறிஸ்துமஸ் அன்று, ஊரே கொண்டாட்டத்தில் இருக்க, பிளாக்பர்னின் மாணவி கரோல் கிரைடர் ஆய்வகத்துக்குப் போய் எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவிப் பார்த்தார். ஏணிப்படி மாதிரி கோடுகள். ஏதோ ஒன்று முனையில் ஆறு ஆறு எழுத்தாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது! அந்த நொதிக்குத்தான் பின்னால் டெலோமரேஸ் என்று பெயர் வந்தது. பிளாக்பர்ன், கிரைடர் இருவருக்கும் ஜாக் ஷோஸ்டாக் என்ற இன்னொரு ஆய்வாளருக்கும் 2009-இல் மருத்துவ நோபல். நடுவில் 1998-இல் இன்னொரு வேடிக்கையும் நடந்தது: மனிதச் செல்லில் டெலோமரேஸைப் புகுத்தியதும், அவை ஹேஃப்ளிக் போட்ட எல்லையைத் தாண்டிப் பிரிந்துகொண்டே போயின.

நோட்டீஸ் அடிப்பவர்கள் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். டெலோமரேஸைத் தூண்டு, முனை நீளும், இளமை திரும்பும், டப்பாவை வாங்கு. அவர்கள் விழுங்கிவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. நம் உடம்பில் இந்த நொதிக்கான மரபணு எல்லாச் செல்லிலும் இருக்கிறது, பிறகு ஏன் விந்தணுவை உண்டாக்கும் செல், குருத்தணு, சில நோய் எதிர்ப்பு அணுக்கள் தவிர மற்றதில் எல்லாம் அதைப் பூட்டி வைத்திருக்கிறது உடம்பு?

புற்றுநோய். எல்லை இல்லாமல் பிரிகிற செல் என்றால் வேறென்ன? பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது புற்றுநோய்க் கட்டிகளில் டெலோமரேஸ் மறுபடி திறந்துகொண்டிருக்கிறது. முனை தேய்ந்ததும் செல் பிரிவதை நிறுத்துவது கோளாறு இல்லை, பூட்டு. தறிகெட்ட செல் ஒன்று கிளம்பினாலும் ஐம்பது அறுபது பிரிவுக்குள் கயிறு தீர்ந்து நின்றுவிட வேண்டும் என்ற ஏற்பாடு.

இந்தப் பூட்டுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, அந்த விலையில்தான் மூப்பும் நாள்பட்ட நோய்களும் வருகின்றன. முனை ரொம்பக் குட்டையானதும் செல் அதை அறுந்த டிஎன்ஏ என்று எடுத்துக்கொண்டு பிரிவதை நிறுத்தும். சில செல்கள் செத்துப்போகும். சில சாகாது, வேலையும் செய்யாது, கரையில் ஓரமாகக் கிடந்து டீசல் கசியவிடுகிற பழைய விசைப்படகு மாதிரி, அழற்சியைக் கிளப்பும் பொருள்களைச் சுற்றிலும் விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்துச் செல்களும் கெடும். ரத்தக்குழாய்ச் சுவரில், நுரையீரலில், மூட்டில் இப்படிப்பட்டவை வயதோடு கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

எந்த நோய்க்கு டெலோமியர் நேரடிக் காரணம் என்று கேட்டால், சந்தேகமே இல்லாத ஒரு கூட்டம் இருக்கிறது, ஆனால் அரிது. டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிட்டா என்று ஒரு பரம்பரை நோய்: டெலோமரேஸையோ காவல் புரதத்தையோ உண்டாக்கும் மரபணுவில் பழுது. நகம் சிதையும், தோலில் வலை வலையாக நிறம் மாறும், வாய்க்குள் வெள்ளைத் திட்டு வரும், கடைசியில் எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்க முடியாமல் தோற்றுப்போகும். சில குடும்பங்களில் இதே வகைப் பழுது நுரையீரல் தழும்பேறும் நோயாக ஐம்பது அறுபது வயதில் வெளிப்படும், சிலருக்கு இளவயதிலேயே நரையும் கல்லீரல் சுருக்கமும் சேரும். இதில் மனதைப் பிசைகிற விஷயம், பிள்ளைகள் பழுதை மட்டும் வாங்குவதில்லை, குட்டையான முனைகளையும் சேர்த்து வாங்குகிறார்கள். அதனால் தாத்தாவுக்கு அறுபதில் வந்தது பேரனுக்குச் சின்ன வயதிலேயே வரலாம்.

மற்ற எல்லோருக்கும் வருகிற சுகர், மாரடைப்பு? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 2003-இல் அறுபது தாண்டிய 143 பேரின் பழைய ரத்தத்தைச் சோதித்து, டெலோமியர் குட்டையாக இருந்த பாதிப்பேரில் இதய நோய்ச் சாவு மூன்று மடங்கு என்று ஒரு ஆய்வு வந்தது, பரபரப்பும் வந்தது. அப்புறம் லட்சக்கணக்கானவர்களின் மரபணுவை வைத்துப் பார்த்ததில் இதய ரத்தக்குழாய் நோய்க்குத் தொடர்பு உண்மைதான், ஆனால் அவ்வளவு பெரிதில்லை என்று தெரிந்தது. சுகர் விஷயத்தில் நம்ம ஊர்க்காரர்களே பார்த்திருக்கிறார்கள்: சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாம் வகைச் சுகர் உள்ள இந்தியர்களுக்கு டெலோமியர் குட்டையாக இருந்தது. ஆனால் குட்டையானதால் சுகர் வந்ததா, சுகர் வந்ததால் குட்டையானதா? ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் ஆக்சிஜன் கழிவுகள் பெருகும், அந்த ஆறெழுத்தில் வருகிற மூன்று ஜி-யும் அந்தக் கழிவுக்கு ரொம்ப இளக்காரம், சட்டென்று அடிபடும். மாமாவுக்கு நான் சொன்னது இதுதான்: சுகர் முனையைத் தேய்க்கிறது என்று நம்ப வலுவான காரணம் இருக்கிறது, முனையை நீட்டினால் சுகர் போகும் என்று நம்ப இல்லை.

மன அழுத்தக் கதையும் அப்படித்தான். 2004-இல் எலிசா எபெல், பிளாக்பர்ன் உள்ளிட்டவர்கள் 58 தாய்மார்களைச் சோதித்தார்கள், பலர் தீராத நோயுள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அழுத்தம் அதிகம் என்று சொன்ன பெண்களின் டெலோமியர், குறைவு என்று சொன்னவர்களைவிடக் குறைந்தது பத்து வயது கூடின மாதிரி குட்டை. படித்தபோது எனக்கு நினைவு வந்தது, படகு பிடிபட்டு புருஷன் யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்க, தாலுகா அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலைகிற நம்ம பக்கத்துப் பெண்கள். ஆனால் நினைவு வருவது ஆதாரம் ஆகாது. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு இருக்கிறது, ஆனால் ரொம்பச் சின்னது.

இனி அளவெடுக்கிற விஷயம், நோட்டீஸின் முதல் வரி. கயிற்றை நாம் பாகக் கணக்கில் அளப்போம், இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். ஒருவர் நூறு பாகம் கயிறு வாங்கினார், இன்னொருவர் எண்பது பாகம். பத்து வருஷம் கழித்து இருவரிடமும் இருப்பதை அளந்தால் முதல் ஆளிடம் எண்பத்தைந்து, இரண்டாம் ஆளிடம் எழுபது. யார் கயிறு அதிகம் தேய்ந்தது? முதல் ஆளுடையது. ஆனால் இன்றைய நீளத்தை மட்டும் பார்க்கிறவன் இரண்டாம் ஆளைத்தான் கிழவன் என்பான். டெலோமியரும் அப்படியே. பிறக்கும்போது வெள்ளை அணுக்களில் சராசரி சுமார் 10,000 எழுத்து, ஆனால் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம், அதில் பெரும்பங்கு பரம்பரை. இன்னொன்று கேளுங்கள், தகப்பனுக்கு வயது கூடுதலாக இருக்கும்போது பிறக்கும் பிள்ளைக்கு டெலோமியர் சராசரியில் நீளம். பெரியவர்களானதும் வருஷத்துக்கு 20 முதல் 40 எழுத்துதான் தேயும். பரிசோதனைக் கூடத்தில் வரும் பிழை சில முறைகளில் இதைவிடப் பல மடங்கு. ஒரு தடவை ரத்தம் கொடுத்து, வந்த எண்ணை வைத்து "உங்கள் உண்மையான வயது 71" என்று அச்சடித்துக் கொடுப்பது ஜோசியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. (மஜ்ஜை தோற்றுப்போகிற நோயைக் கண்டுபிடிக்க ஃப்ளோ-ஃபிஷ் என்ற முறையில் மருத்துவர்கள் அளப்பது வேறு, அது நியாயமான சோதனை.)

இதற்கு நல்ல சாட்சி ஸ்காட் கெல்லி. விண்வெளியில் 340 நாள் இருந்துவிட்டு 2016-இல் இறங்கிய நாசா வீரர். மேலே இருந்தபோது அவர் டெலோமியர் நீண்டது! பூமிக்கு வந்த சில நாளில் சட்டென்று சுருங்கியது. அங்கே போய் அவர் இளமையாகவில்லை.

முகம் வேறு கதை. நாற்பத்தைந்து வயது மீனவரைப் பார்த்து அறுபது என்று சொல்வார்கள். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற பெண்களின் கைகளைப் பாருங்கள், பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றி, மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறிய விரல்கள். அந்தத் தோலின் சுருக்கத்துக்குப் பெரும் காரணம் வெயிலின் புற ஊதாக் கதிர், அது தோலின் உள்ளடுக்கில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உடைக்கிறது. அதற்கு டெலோமியரைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

நீளமானால் நல்லது என்பதும் பாதிப் பொய். பிறவியிலேயே நீளமான டெலோமியர் அமைந்தவர்களுக்கு மாரடைப்பு கொஞ்சம் குறைகிறது, மெலனோமா என்ற தோல் புற்று, சில வகை நுரையீரல் புற்று, மூளைக்கட்டி கூடுகிறது. ஆய்வுக்கூட எலிக்கு நம்மைவிடப் பல மடங்கு நீளமான டெலோமியர், ஆயுள் இரண்டு மூன்று வருஷம். சிங்கி இறால் கிழடாவதே இல்லை என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றும். 1998-இல் ஆராய்ந்தது நம்ம மன்னார் வளைகுடாச் சிங்கியை இல்லை, அட்லாண்டிக்கில் கிடைக்கும் இடுக்கி வைத்த வேறு சாதியை. அதன் உடம்பெங்கும் பெரிதான பிறகும் டெலோமரேஸ் வேலை செய்வது உண்மைதான். ஆனாலும் சாகிறது. பெரிதாகப் பெரிதாக ஓட்டை உரித்துப் புது ஓடு போடவே சக்தி போதாமல், உரிக்கும்போதே பல செத்துப்போகின்றன.

மருந்துக் கடைப் பக்கம் திரும்பினால் இன்னும் முரண். டெலோமரேஸை நேரடியாகக் குறிவைத்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து இமெடெல்ஸ்டாட், 2024 ஜூனில், மஜ்ஜைக் கோளாறு ஒன்றுக்கு. அது டெலோமரேஸைத் தூண்டுகிற மருந்து இல்லை, முடக்குகிற மருந்து! பிறவிக் குறை உள்ளவர்களுக்கு டெனசால் என்ற ஹார்மோன் மருந்து முனையை நீட்டியதாக 2016-இல் ஒரு சிறு சோதனை காட்டியது, அது மருத்துவர் கண்காணிப்பில் நோயாளிகளுக்கு. வாழ்க்கை முறையை மாற்றி ஐந்து வருஷத்தில் டெலோமியர் நீண்டது என்று எல்லா நோட்டீஸிலும் மேற்கோள் காட்டுகிற 2013 ஆய்வு இருக்கிறதே, அதில் அப்படி வாழ்ந்தவர்கள் மொத்தம் 10 பேர்.

இதையெல்லாம் இவ்வளவு கோர்வையாக நான் மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னவரைக்கும் கேட்டுக்கொண்டே அடுத்த முனையையும் உருக்கி முடித்தார். பிறகு பழைய கயிற்றை, அதுதான் வேண்டாம் என்று வெட்டிப் போட்டதை, இழுத்து மடியில் வைத்தார்.

"முனை முனைன்னு சொல்றியே மாப்ள, இத பாரு. இதுக்கு முனை நல்லாத்தான் இருக்கு. நடுவுல பாறைல உரசி உரசி நூலாப் போச்சு. கயிறு அங்கதான் அறும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூப்பின் அடையாளங்கள் என்று 2013-இல் விஞ்ஞானிகள் ஒன்பது காரணங்களைப் பட்டியல் போட்டார்கள், 2023-இல் அதைப் பன்னிரண்டு ஆக்கினார்கள். டெலோமியர் தேய்வது அதில் ஒன்று. இதயத் தசையும் மூளை நரம்பும் பிறந்த பிறகு பிரிவதே அபூர்வம், அங்கே பிரிந்து பிரிந்து முனை தேய வழியில்லை. ஆனால் அவையும் கிழடாகின்றன. கயிற்றின் நடுவில் டிஎன்ஏ அடிபடுவதும் புரதம் திரிவதும் செல்லின் மின்நிலையம் பழுதாவதும் பாக்கிப் பதினொன்றில் வருகின்றன.

மாமாவின் மூணு மாச சுகர் எவ்வளவு என்று கேட்டேன். கடைசியாக எப்போது பார்த்தது என்றே அவருக்கு நினைவில்லை. அத்தைக்குத்தான் நினைவிருந்தது: போன வருஷம், 9.4. நோட்டீஸில் இருக்கிற மாத்திரை ஒரு மாதத்துக்கு ஆகிற காசில் அந்தச் சோதனையை வருஷத்துக்கு நாலு தடவை எடுத்தாலும் மிச்சம் இருக்கும் என்று சொன்னேன். "அப்ப மிச்சத்த என்கிட்ட குடுங்க" என்றார் அத்தை, அடுப்படியிலிருந்து.